கிட்டப்பார்வை: கண்ணுக்குள் நீளும் ஒரு மில்லிமீட்டர்

"கிட்டத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியுது அக்கா. எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்குறதே இவன்தான். இவனுக்குப் போய் எப்படிக் கண்ணு கெட்டிருக்கும்?"

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான் கண் பரிசோதிக்கும் கடைக்கு, மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனைக் கூட்டி வந்த ஓர் அம்மா இப்படிக் கேட்டார். கையில் பள்ளி நோட்டு. அதில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "வெண்பலகையைப் பார்த்து எழுதுவதில்லை. பக்கத்து மாணவனின் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறான்." அதற்காக வீட்டில் அடியும் விழுந்திருக்கிறது.

பையனை 6 மீட்டர் தள்ளி உட்கார வைத்து எழுத்து அட்டையைக் காட்டினேன். உச்சியில் இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்தைச் சொன்னான். அடுத்த வரிக்குக் கண்ணை இடுக்கினான். மூன்றாவது வரி வந்ததும் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பலகையில் எழுத்து இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. தெரிகிற தூரத்தில் இருந்தது பக்கத்துப் பையனின் புத்தகம் ஒன்றுதான்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கிட்டப்பார்வை என்றதும் கிட்டத்தில் பார்ப்பதில் ஏதோ கோளாறு என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். கிட்டத்துப் பார்வை நன்றாக இருந்து தூரத்துப் பார்வை மங்கிப்போவதற்குத்தான் அந்தப் பெயர். மருத்துவர்கள் மையோப்பியா என்பார்கள். கண்ணை இடுக்கிப் பார்ப்பது என்ற பொருளில் வந்த கிரேக்கச் சொல் அது. தாத்தா பேப்பரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாரே, அது வேறு. அது வெள்ளெழுத்து, பழைய ஆட்கள் சாளேசுரம் என்பார்கள். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைத்துப்போவதால் எல்லாருக்கும் வருவது. சில வீடுகளில் தாத்தாவின் கண்ணாடியைப் பேரனுக்கு மாட்டிப் பார்க்கிறார்கள். தாத்தாவுடையது பிளஸ், பேரனுக்கு வேண்டியது மைனஸ். போட்டால் தூரம் இன்னும் மங்கும்.

சரி, கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது?

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கருவியிலிருந்து வரும் வெளிச்சம் துணி இருக்கும் இடத்தில் சரியாகக் கூடினால், நடிகரின் மீசை முடிகூடத் தெளிவாகத் தெரியும். கருவியை அப்படியே விட்டுவிட்டுத் துணிக் கம்பத்தை மட்டும் பின்னால் தள்ளி நட்டால், வெளிச்சம் துணிக்கு முன்னாலேயே கூடி முடிந்துவிடும். துணியில் விழுவது வெறும் மங்கல். நம் கண்ணில் அந்தத் துணிதான் விழித்திரை. வெளிச்சத்தை வளைத்துக் கூட்டும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் படலம், செய்கிறது, மீதியை உள்ளே இருக்கும் வில்லை செய்கிறது. கிட்டப்பார்வை உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். கண் கோளம் முன்னும் பின்னுமாக நீண்டு போயிருக்கும்; துணி பின்னால் தள்ளிப் போய்விட்டது. கோள்களின் பாதையைக் கணித்த கெப்ளர், 1604இலேயே வெளிச்சம் விழித்திரைக்கு முன்னால் கூடிவிடுவதுதான் இந்தக் குறைக்குக் காரணம் என்று எழுதி வைத்துவிட்டார்.

பிறந்த குழந்தையின் கண் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 24. இடைப்பட்ட வருடங்களில் கண் வளர்ந்து, வெளிச்சம் கூடும் இடத்தோடு தன் நீளத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால், பவர் சுமார் 250 ஏறிவிடும். நம் அடையாள அட்டையின் தடிப்பைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் அந்த 1 மில்லிமீட்டர். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர் மனதில் வாங்கிக்கொண்டால், மீதி எல்லாம் தானாகப் புரியும்.

கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் போய்விடாதா என்று கேட்கிறார்கள். வில்லைக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: கிட்டத்துப் பொருளைப் பார்க்கத் தன்னை உப்ப வைத்துக்கொண்டு பவரைக் கூட்டுவது. கிட்டப்பார்வைக் கண்ணில் அதன் நீளத்துக்கு ஏற்கெனவே பவர் கூடுதல். அதைக் குறைத்துக்கொள்ள வில்லைக்கு வழியில்லை. அதனால் கண்ணை உருட்டினாலும் சுழற்றினாலும் நீளம் குறையப்போவதில்லை. முருங்கைக்கீரையும் பப்பாளியும் பிள்ளைக்குக் கட்டாயம் கொடுங்கள். அவற்றின் வைட்டமின் ஏ மாலைக்கண்ணைத் தடுக்கும். கிட்டப்பார்வையை அது தொடாது. நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். கிருமி தொற்றிக் கருவிழியில் புண் வந்தால், கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத தழும்பு நின்றுவிடும்.

கண்ணை இடுக்கினால் மட்டும் ஏன் கொஞ்சம் தெளிகிறது? ஒரு தடித்த அட்டையில் குண்டூசியால் துளை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துளை வழியாகச் சுவரில் இருக்கும் நாள்காட்டியைப் பாருங்கள். சிதறி வரும் ஓரத்துக் கதிர்களைத் துளை தடுத்துவிடுவதால் எழுத்து தெளியும். இடுக்கும்போது இமைகள் செய்வதும் அதுதான். துளை வழியாகப் பார்த்துத் தெளிந்தால், பெரும்பாலும் அது கண்ணாடியால் சரியாகும் குறை. அப்படியும் தெளியாவிட்டால் கண்ணாடிக் கடைக்கு வருவதைவிட நேராக மருத்துவரிடம் போவதே நல்லது.

இப்போது இந்த "பவர்" கணக்கு. சீட்டில் -2.00 என்று எழுதியிருப்பதை நம் ஊரில் இருநூறு பவர் என்கிறோம். அந்த எண் ஒரு தூரத்தைச் சொல்கிறது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடும் பெரியவர் யாராவது அதைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, செய்தித்தாளின் சின்ன எழுத்தைக் கை தூரத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டு வரட்டும். எழுத்து தெளிகிற இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து தாள் வரை தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 100ஐ அந்தச் சென்டிமீட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் பவர். 50 சென்டிமீட்டரில் தெளிந்தால் 2, அதாவது இருநூறு. 25 என்றால் நானூறு. அந்தத் தூரத்துக்கு அப்பால் அவருக்கு உலகம் மங்கல். கோணல் பார்வை எனப்படும் ஆஸ்டிக்மாட்டிசமும் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும், ஆனாலும் எண்ணின் பொருள் விளங்கிவிடும். அந்தப் பையனுக்கு வலது கண்ணில் 225. நூறை 2.25ஆல் வகுத்துப் பாருங்கள்: 44 சென்டிமீட்டர். பக்கத்து மாணவனின் புத்தகம் இருந்த தூரம்.

ஏன் வருகிறது என்றால் முதலில் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். அன்று மகனை ஏற்றிப்போக வந்த அப்பாவையும் உட்கார வைத்துப் பார்த்தேன். செம்பனைக் குலை அறுப்பவர். அவருக்கு இரண்டு கண்ணிலும் 150. மரத்து மேல குலை பழுத்திருக்கா இல்லையான்னு நிறம் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பீங்க அண்ணே என்று கேட்டேன். "மேல எங்கம்மா தெரியும்? கீழ உதிரி கிடக்குதான்னு பார்த்துத்தான் அறுப்பேன். எல்லாரும் அப்படித்தானே?" என்றார். உதிரிப் பழம் பார்த்து அறுப்பது தோட்டத்து வழக்கம்தான். ஆனால் மேலே நிறம் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. இத்தனை வருடம் அரிவாளை மங்கலுக்குள்தான் தூக்கியிருக்கிறார். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

இரத்த வழி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பிள்ளையின் நாள் எங்கே கழிகிறது என்பது. நீண்ட நேரம் முகத்துக்கு அருகில் வைத்துப் பார்ப்பது, புத்தகமானாலும் கைப்பேசியானாலும், கிட்டப்பார்வையோடு தொடர்புடையது. அதைவிட வலுவாக நிற்கும் சான்று வெளிச்சத்தைப் பற்றியது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறேழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3 சதவீதத்தினருக்குத்தான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகமும் குறைவாகப் படித்துவிடவில்லை. பெரிய வேறுபாடு, அவர்கள் வெளியே இருந்த நேரம். பிறகு சீனாவின் குவாங்சௌ நகரில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளிவகுப்பு வைத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் ஏறக்குறைய 40. இந்த முடிவு 2015இல் வெளிவந்தது.

வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள். வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். பகலில் வெளியே வந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். மர நிழலில் நின்றாலும் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோப்பமின் என்னும் பொருள் சுரக்கிறது, அது கண் நீள்வதை மெதுவாக்குகிறது என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வெளியே இருக்கட்டும் என்கிறார்கள். நாங்கள் லயத்து வீட்டில் வளர்ந்தபோது, பள்ளி விட்டு வந்து பையை வீசிவிட்டு ஓடினால், இருட்டி அம்மா சத்தம் போட்ட பிறகுதான் வீடு திரும்புவோம். இன்று அதே லயத்து வாசலில் சாயங்காலம் நாலரை மணிக்குப் பிள்ளைகளைக் காணோம். திடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, காசு செலவில்லை. இத்தனை மலிவான மருந்து வேறெதற்கும் கிடையாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: வெளி வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில்தான் கெட்டி. வந்துவிட்ட பிறகு அது மட்டும் போதாது.

வந்துவிட்டால் முதல் வேலை கண்ணாடி. இங்கேதான் பெற்றோர் தயங்குகிறார்கள். "எட்டு வயசுலயே கண்ணாடியா? போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமாமே?" பவர் ஏறுவது உண்மை. கண் வளர்ந்துகொண்டிருப்பதால், கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் ஏறும். பதின்ம வயது முடியும் வரை, சிலருக்கு இருபது தாண்டியும் ஏறும். பவரைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் நல்லது என்று முன்பு எங்கள் தொழிலில் உள்ளவர்களே நம்பினார்கள். நம் மலேசியாவிலேயே 94 பிள்ளைகளை வைத்து அதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு முழுப் பவர், பாதிப் பேருக்கு வேண்டுமென்றே 75 பவர் குறைவு. 2002இல் முடிவு வெளியானது: குறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் பவர் வேகமாக ஏறியிருந்தது. அதனால் முழுப் பவரைக் கொடுத்து, பள்ளி நேரம் முழுதும் போடச் சொல்கிறோம்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு பேச்சு வரும். கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை அமையுமா என்று. பத்து வயதுப் பிள்ளை பாடம் தெரியாமல் பின்தங்கி நிற்கிறது. பத்து வருடம் கழித்து வரப்போகிறவனைப் பற்றி அப்போது என்ன கவலை? என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

சாதாரண மைனஸ் கண்ணாடி தூரத்தைத் தெளிவாகக் காட்டும், கண் நீள்வதை நிறுத்தாது. நீள்வதை மெதுவாக்க இப்போது சில வழிகள் வந்திருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெற்றோர் பலர் இவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஒன்று, விசேஷக் கண்ணாடி வில்லை. நடுவில் வழக்கமான பவர் இருக்கும், சுற்றிலும் நூற்றுக்கணக்கான பொடி வில்லைகள் பதித்திருக்கும். ஓரத்து வெளிச்சம் விழித்திரைக்கு முன்னால் விழும்படி செய்து, "இனி நீளாதே" என்று கண்ணுக்குச் சொல்லும் ஏற்பாடு. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான வில்லையை 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்ததில், பவர் ஏறும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விலை சாதாரணக் கண்ணாடியைப் போலப் பல மடங்கு. முடிந்தவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். முடியாதவர்கள் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். முழுப் பவர்க் கண்ணாடியும் வெளிவெளிச்சமும் இருக்கின்றன.

இன்னொன்று அட்ரோப்பின் சொட்டு மருந்து. தினமும் இரவு படுக்கும் முன் ஒரு சொட்டு. வீரியம் மிகக் குறைவு, 0.01 முதல் 0.05 சதவீதம் வரை. முதலில் சிங்கப்பூரில் விரிவாகச் சோதித்தார்கள். ஹாங்காங்கில் மூன்று வீரியங்களை ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 0.05 சதவீதம்தான் கூடுதல் பலன் தந்தது. சில பிள்ளைகளுக்கு வெயிலில் கண் கூசும், கிட்டத்து எழுத்து கொஞ்சம் மங்கும். இதைக் கண் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும், அவர்தான் எப்போது நிறுத்துவதென்றும் சொல்ல வேண்டும். திடீரென்று விட்டால் சிலருக்குப் பவர் விரட்டிக்கொண்டு ஏறுவதும் உண்டு.

காண்டாக்ட் லென்ஸிலும் பிள்ளைகளுக்கென்று கண் நீள்வதைக் குறைக்கும் வகை இருக்கிறது. இரவில் மட்டும் போட்டுக்கொண்டு தூங்கும் கெட்டி லென்ஸ் இன்னொரு வகை. அது கருவிழியைத் தூக்கத்தில் அழுத்தித் தட்டையாக்கும், பகலில் கண்ணாடி இல்லாமலே தெரியும், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். இரண்டுக்கும் சுத்தம் முக்கியம். குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர், எச்சில் எதுவும் லென்ஸில் படக்கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்னும் உயிரி கருவிழிக்குள் நுழைந்தால் மாதக்கணக்கில் வலியும், சில சமயம் பார்வை இழப்பும்தான். தண்ணீர் அடிக்கடி நின்று போகும் வீட்டில், கை கழுவ மறக்கும் பிள்ளைக்கு நான் லென்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் கலர் லென்ஸை எடுக்கவே எடுக்காதீர்கள். 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டப்படி, லென்ஸ் கொடுப்பதற்குப் பதிவு பெற்ற தகுதி வேண்டும்.

லேசர் சிகிச்சை பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசவே வேண்டாம். 18 வயது கடந்து, ஒரு வருடமாவது பவர் மாறாமல் நின்ற பிறகுதான் அந்தப் பேச்சு. கருவிழியின் தடிப்பு அரை மில்லிமீட்டர்தான். லேசர் அதில் ஒரு பகுதியைச் செதுக்கி எடுக்கிறது, 100 பவருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீட்டர்). கருவிழி மெலிந்தவர்களுக்கும் பவர் மிகக் கூடியவர்களுக்கும் மறுத்துவிடுவார்கள்; அவர்களில் சிலருக்குக் கண்ணுக்குள் லென்ஸ் பதிக்கும் வழி உண்டு. செய்துகொண்ட பிறகு கண் சில மாதம் உலர்ந்து உறுத்தலாம். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்துக் கண்ணாடி எப்படியும் வரும்.

லேசர் செய்துகொண்டவர்கள் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. செதுக்கியது முன்பக்கக் கருவிழியை. பின்னால் நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கிறது. 600 பவருக்கு மேல் போன கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். விழித்திரை கிழிந்து பிரிவது, அதன் நடுப்பகுதி தேய்வது, கண் அழுத்த நோய், சீக்கிரமே வரும் கண்புரை, எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுதல். என் சித்தப்பாவுக்கு 800 பவர். ஒரு நாள் சாயங்காலம் கண் ஓரத்தில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்ததாம், கறுப்புப் புள்ளிகள் கொசுக் கூட்டம் போலப் பறந்தனவாம். காட்டில் தூசி விழுந்திருக்கும் என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஒன்பது நாள் விட்டார். பத்தாம் நாள் கீழிருந்து திரை ஏறியது போலப் பாதிப் பார்வை மறைந்துவிட்டது. அறுவை செய்தும் முழுதாகத் திரும்பவில்லை. மின்னல், திடீர்ப் புள்ளிக் கூட்டம், திரை, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்; விழித்திரை பிரியும்போது வலிக்காது.

பரிசோதனைக்கு எங்கே போவது? முதலாம் ஆண்டில் பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு கண்ணையும் பார்க்கும். அவர்கள் கடிதம் கொடுத்தால் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். சிறு பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது நல்லது. பிள்ளைகளின் வில்லை இறுகிக்கொண்டு, இல்லாத பவரை இருப்பதாகக் காட்டிவிடும். மருந்து அதைத் தளர்த்தும். அன்று முழுக்கப் பிள்ளைக்குக் கிட்டத்தில் மங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். கடைக்கு வருவதானால், சுவரில் ஒப்டோமெட்ரிஸ்டின், அதாவது கண் பரிசோதகரின், பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பையன் ஆறு மாதம் கழித்து வந்தான். நோட்டில் சிவப்பு மை இல்லை. வலது கண் 225இலிருந்து 250 ஆகியிருந்தது. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அந்த வயதில் ஆறு மாதத்துக்கு 25 என்பது வழக்கமான வேகம்தான் என்று சொல்லி, அடுத்த முறை வரும்போதும் பழைய கண்ணாடியைக் கையோடு கொண்டு வரச் சொன்னேன். நீங்களும் பழைய கண்ணாடியை வீசிவிடாதீர்கள். அதன் பவரை அளந்து புதியதோடு சேர்த்துப் பார்த்தால்தான், கண் எவ்வளவு வேகமாக நீள்கிறது, சொட்டு மருந்துக்கு அனுப்ப வேண்டுமா, இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாமா என்று எங்களால் சொல்ல முடியும்.